நடுவில் உட்கார்ந்த டெஸ்

— அப்பா, குனிஞ்சு வாங்க! அந்த வாசப்படியில கேஸ் சிலிண்டர் போட வர்றவரே மண்டையை இடிச்சுக்கிட்டாரு.

— ம். இடிச்சாச்சு.

— ஐயோ, காட்டுங்க!

— தலைதானே டெஸ், விடு. இது எத்தனாவது மாடி?

— ரோட்டுப் பக்கம் வந்தா மூணாவது. ஆத்துப் பக்கம் வந்தா பதினொண்ணு. சோங்சிங்ல அப்படித்தான் அப்பா. நானும் மொத மாசம் பூரா ஆராய்ச்சி பண்ணிட்டு விட்டுட்டேன். செருப்பை இங்க கழட்டிடுங்க.

— வந்துட்டாங்களா! ஏ கடைக்குட்டி, வாசல்லயே நிக்கவச்சுப் பேசறியே, உள்ள கூப்பிடுடி! இவருதான் உங்கப்பாவா? யம்மாடி, என்ன உசரம்! அந்தப் பாதத்தைப் பாரு, படகு மாதிரி ஒவ்வொண்ணும்! எங்க வீட்டுச் செருப்பு எதுவும் இவருக்கு ஆகாதே!

— அத்தை, மெதுவா, மெதுவா. அப்பா, இவங்கதான் ரான் அத்தை. இவங்க பொண்ணு ஷென்சென்ல வேலைக்குப் போயிட்டா, அந்த ரூம்லதான் நான் இருக்கேன். கீழ பாத்தீங்களே நூடுல்ஸ் கடை, அது இவங்க கடைதான். அத்தை, இவரு எங்கப்பா, வெண்டெல். சீனம் ஒரு வார்த்தை தெரியாது. நான் நடுவுல உக்காந்து ரெண்டு பேருக்கும் சொல்லிடறேன்.

— வெண்டெல்... வாயில நுழையலையே. வென் அண்ணேன்னு வச்சுக்கறேன். வென் அண்ணே, வாங்க, உக்காருங்க! ஃபேனுக்கு நேரா உக்காருங்க!

— உங்களை வென் அண்ணன்னு கூப்பிடுவாங்களாம் அப்பா. நீங்க வந்ததுல ரொம்ப சந்தோஷமாம்.

— படகுன்னு ஏதோ சொன்ன மாதிரி கையைக் காட்டினாங்களே.

— அது... ஜன்னல்ல ஆறு தெரியுதுல்ல, படகெல்லாம் பாருங்கன்னு சொன்னாங்க.

— ம். நல்ல படகுதான். டெஸ், நான் அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நானே...

— சொல்லுங்க சொல்லுங்க, நான் சொல்லிடறேன். அத்தை, அப்பா உங்களுக்கு வணக்கம் சொல்றாரு. மொத சாப்பிடலாமா? எனக்குக் காலையிலருந்து வயித்துல எலி ஓடுது!

— எலி ஓடுதாம்! காலையில ஒரு கிண்ணம் நூடுல்ஸை யாரு முழுங்கினது? அண்ணே, உங்க பொண்ணு கதையைக் கேளுங்க. எழுப்பினா எந்திரிக்கவே மாட்டா. கிளாஸ் ஆரம்பிக்கப் போகுதுன்னா அப்பத்தான் துள்ளி எந்திரிச்சு, ஒரு கையில கிண்ணம், ஒரு கையில புஸ்தகம், வாயில சாப்பிடற குச்சியைக் கவ்விக்கிட்டு படிக்கட்டு பூரா குழம்பைச் சிந்திக்கிட்டே ஓடுவா. அவ போன தடத்தை வச்சே யுனிவர்சிட்டிக்கு வழி கண்டுபிடிச்சிரலாம். சொல்லுடி, அப்படியே சொல்லு!

— அத்தை சொல்றாங்க, நான் தினம் காலையில சீக்கிரமா கிளம்பிடறேனாம்.

— சந்தோஷம். நம்ம வீட்டுல இருந்தப்ப உன்னை எழுப்ப டிராக்டர் ஹாரனை அடிக்கணும்.

— அப்பா சொல்றாரு, எல்லாம் நீங்க வளர்த்த வளர்ப்பு அத்தை.

— பாத்தியா, பெரிய மனுஷன்! அண்ணே, சாயங்காலமானா இவ மாஜோங் ஆடறாளே, அதைச் சொன்னாளா? மொத மாசம் காய் பேரே தெரியாது. இப்ப மேல்வீட்டு பூ அம்மாவை அழவச்சு அனுப்பறா! போன வாரம் ஜெயிச்ச காசுலதான் இந்த வாத்துக் குடலே வாங்கினது. கீரைக்காரி இவ வர்றதைப் பாத்தா தட்டை மூடறா. இவ பேரம் பேசினா சும்மா பேசறதில்ல, அவ பேரன் படிப்பு, மருமக உடம்பு எல்லாம் விசாரிச்சு, கடைசியில ஒரு கட்டு கொத்தமல்லியை இனாமா வாங்கிட்டுதான் நகருவா!

— சாயங்காலம் பெரியவங்களோட உக்காந்து கணக்கு போட்டுப் பழகறேனாம். அப்புறம் மார்க்கெட்ல பேச்சுப் பயிற்சி.

— கணக்கா? உனக்கா?

— நல்லா வந்துருச்சு அப்பா இப்போ.

— ம். பாக்கலாம்.

— ஏண்டி, இவரு ஏன் சிரிக்கறாரு?

— வாசனை மூக்குல ஏறிடுச்சு போல அத்தை. அப்பா, கவனமாக் கேளுங்க. சட்டியில நடுவுல தடுப்பு இருக்குல்ல? வெள்ளையா கொதிக்கறது உங்களுக்கு. சிவப்பா கொதிக்கற பக்கம் மட்டும் கையே வைக்காதீங்க. போன மாசம் எங்க கிளாஸ் கஜகஸ்தான் பையன் ஒரு வாய் சாப்பிட்டுட்டு அவங்க அம்மாவுக்கு போன் பண்ணிட்டான்.

— அண்ணனுக்கு அந்த வெள்ளைத் தண்ணியையா காட்டற? அது பச்சப்புள்ளைக்குக் குடுக்கற கஞ்சி! ஒரு துண்டு மாட்டுக் குடல் எடுத்து சிவப்புல முக்கி, எண்ணெய்யில தொட்டுக் குடு. உசுரா போயிடும்?

— அப்பா! அப்பா, அது சிவப்பு!

— தெரியுது.

— முழுங்கிட்டீங்களா?

— ம். நாக்கு எங்க இருக்குன்னு தெரியல. ஆனா நல்லாருக்கு.

— ஆம்பளை! இவரு ஆம்பளைடி! என் வீட்டுக்காரரு கூட மொத வாய்க்குத் தண்ணி கேட்டாரு. அந்த மனுஷன் இப்ப இருந்திருக்கணும், கப்பல்ல சரக்கை ஏத்திக்கிட்டு ஊஹானுக்குப் போயிட்டாரு. சரி, அந்தச் சின்னக் கண்ணாடி டம்ளரை இப்படி எடு, சாராயம் ஊத்தறேன்... அட, அவரே எடுத்துக் குடுத்துட்டாரு. கெட்டிக்காரரு, கண்ணைப் பாத்தே புரிஞ்சுக்கறாரு.

— தேங்க்ஸ் அப்பா.

— இந்த டோஃபுவைப் பத்திக் கேளு டெஸ். சோயா எங்கருந்து வருதாம்? நம்ம ஊர் தானியக் கிடங்குலருந்து போறதெல்லாம் கடைசியில இந்தப் பக்கம்தானே வருது. என் வயல்ல விளைஞ்சதே என் வாய்க்கு வந்துருக்கான்னு பாக்கணும்.

— அப்பா டோஃபு ரொம்ப மிருதுவா இருக்குன்னு சொல்றாரு.

— இன்னும் நாலு துண்டு போடு! சரி, எல்லாரும் டம்ளரை எடுங்க. நான் பேசப் போறேன். கடைக்குட்டி, ஒரு வார்த்தை விடாம சொல்லணும். வென் அண்ணே! நானும் ஒரு பொண்ணை வெளியூருக்கு அனுப்பினவதான். ரயிலேத்திட்டு வந்த அன்னைக்குக் கடையைத் திறக்கல, அடுப்பைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். எங்க புள்ள போனது இதே நாட்டுல வேற ஊருக்கு. நீங்க சமுத்திரத்தைத் தாண்டி அனுப்பியிருக்கீங்க. இப்ப இன்னொரு வருஷமும் இவ இங்கயே இருக்கட்டும்னு சம்மதம் சொல்லிட்டீங்களாமே! ஆறு, அணை படிக்கற அந்தப் பெரிய கிளாஸ்ல எங்க ஊர்ப் பசங்களோட சரிசமமா இவளை உக்காரவைக்கப் போறாங்க, வெளிநாட்டுக்காரி இவ ஒருத்திதான். அதைக் கேட்டதுலருந்து எனக்குக் கால் தரையில படல. உங்க மனசு யாருக்கு வரும் அண்ணே! இது உங்களுக்காக!

— அது வந்து அத்தை...

— சொல்லுடி. என்ன திருதிருன்னு முழிக்கற?

— அப்பா... அத்தை என்ன சொல்றாங்கன்னா... நெடுந்தூரம் வந்திருக்கீங்க, உடம்பைப் பாத்துக்கங்க. அதுக்காகக் குடிக்கலாம்னு.

— ரொம்ப நேரம் பேசினாங்களே.

— சீனம் கொஞ்சம் நீளமான பாஷை அப்பா.

— கண்ணுல தண்ணி வந்துச்சே அவங்களுக்கு.

— மிளகாய்.

— ம். சரி. அப்ப நானும் சொல்றேன், நீ அப்படியே சொல்லு. உன்னை நல்லாப் பாத்துக்கிட்டதுக்கு நான் கடமைப்பட்டிருக்கேன். வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டாச்சு. பாசனத்தை பக்கத்து வயல் கஸ்டன் பிரதர்ஸ்கிட்ட ஒப்படைச்சிட்டு வந்திருக்கேன், ரொம்ப நாள் தாங்காது.

— அப்பா சொல்றாரு... உங்க சாப்பாட்டை விட்டுட்டு வியாழக்கிழமை கிளம்பணுமேன்னு இப்பவே வருத்தமா இருக்காம்.

— வருத்தம் எதுக்கு! வியாழக்கிழமை வரைக்கும் மூணு வேளையும் இங்கதான். புதன்கிழமை கடையை மூடிட்டு விருந்து வச்சிடறேன். தெருவையே கூப்பிடறேன்! அட, அதுக்குள்ள இன்னைக்கே பூ அம்மா வர்றேன்னு சொல்லிட்டா. இப்ப வந்துக்கிட்டே இருப்பாங்க. அவ மருமகனையும் கூட்டிட்டு வரச் சொல்லியிருக்கேன், அவரு ஹைஸ்கூல்ல இங்கிலீஷ் வாத்தியாரு, தண்ணியா பேசுவாரு. நீ பாவம், ஒரு வாய் நிம்மதியா சாப்பிட முடியாம கிளி மாதிரி பேசிக்கிட்டே இருக்க. இனிமே அவரு பாத்துக்குவாரு. நான் பேசினதை மறுபடி மொதல்லருந்து உங்கப்பாவுக்கு விளக்கமா சொல்லச் சொல்றேன்.

— வேண்டாம்!

— ஏண்டி கத்தற? உங்கப்பா பயந்துட்டாரு பாரு.

— என்ன ஆச்சு டெஸ்?

— ஒண்ணுமில்லப்பா. ஊறுகாய். அத்தை ஒரு புது ஊறுகாய் எடுக்கறேன்னாங்க, நான் வேண்டாம்னேன். நீங்க சாப்பிடுங்க. நாங்க கொஞ்சம் ஊறுகாய் விஷயம் பேசிக்கறோம்.

— சரி. பேசு.

— அத்தை, வாத்தியாரை வரவேண்டாம்னு சொல்லுங்க. இப்பவே. போனை எடுங்க, எடுங்க!

— வெத்தலைப் பாக்கு வைக்காத குறையா கூப்பிட்டிருக்கேன், வரவேண்டாம்னு எப்படிச் சொல்றது? என்ன விஷயம்? முகம் ஏன் வெளுத்துப்போச்சு?

— அப்பா சம்மதிக்கல அத்தை.

— எதுக்கு?

— அடுத்த வருஷத்துக்கு. நான் அவருகிட்ட கேக்கவே இல்ல. பெரிய கிளாஸ்ல எடம் கிடைச்ச விஷயமே அவருக்குத் தெரியாது. உங்ககிட்ட பொய் சொல்லிட்டேன். அவரு என்னைக் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்காரு. வியாழக்கிழமை டிக்கெட் போட்டாச்சுன்னு இப்பத்தான் சொன்னாரு, நான் உங்ககிட்ட சாப்பாடுன்னு மாத்திட்டேன்.

— அடிப்பாவி.

— கத்தாதீங்க. ஊறுகாய்க்கு யாரும் இவ்வளவு சத்தம் போடமாட்டாங்க.

— நான் எழுந்து நின்னு அந்த மனுஷனுக்கு நன்றி சொன்னேனே! அதை என்னன்னு சொன்ன?

— உடம்பைப் பாத்துக்கங்கன்னு.

— வாத்துக் குடலை உன் வாயில திணிச்சுருவேன். எதிர்ல உக்காந்திருக்காரு பாரு உங்கப்பா, நாக்கு மரத்துப்போயும் முகம் சுளிக்காம சாப்பிடறாரு. அவரை ஏமாத்த உனக்கு எப்படி மனசு வந்தது? இப்பவே சொல்லு. நான் கையைப் பிடிச்சுக்கறேன், சொல்லு.

— முடியாது அத்தை.

— ஏன்? அடிப்பாரா?

— அடிக்கறதா? எங்கப்பாவா? ஒரு வார்த்தை சத்தமா பேசமாட்டாரு. 'ம், சரி'ன்னுதான் சொல்லுவாரு. அதுதான் அத்தை என்னால தாங்க முடியாது. அம்மா வேற ஒருத்தரோட ஃபீனிக்ஸுக்குப் போறேன்னு சொன்னப்பவும் இதே மாதிரி டேபிள்ல உக்காந்து 'ம், சரி'ன்னாரு. பெட்டியைக் கார்ல அவரே தூக்கி வச்சாரு. அப்புறம் நாங்க ரெண்டு பேரும்தான். இப்ப நானும் போய் நின்னு, இன்னொரு வருஷம்னு சொன்னா, என் பெட்டியையும் தூக்கி வைப்பாரு. ராத்திரி அந்தப் பெரிய வீட்டுல ஒத்த ஆளா உக்காந்து டின்னைத் திறந்து சாப்பிடுவாரு. அவரு முகத்தைப் பாத்துட்டா நான் 'வந்துடறேன்பா'ன்னு சொல்லிடுவேன். சொல்லிட்டா அந்த ஆறு என்கிட்டருந்து போயிடும். எனக்கு ஆறு வேணும் அத்தை. அந்த கிளாஸ் வேணும். காலையில ஓடணும், பூ அம்மாவை ஜெயிக்கணும், சாயங்காலம் மைதானத்துல தெருப் பொம்பளைங்களோட மூணாவது வரிசையில நின்னு டான்ஸ் ஆடணும். நான் இங்க இருக்கறப்ப எனக்கு என்னைப் புடிச்சிருக்கு. அவரையும் புடிக்கும். எப்படி ரெண்டையும் ஒரே வாயில சொல்றது?

— கண்ணைத் துடை. அவரு பாக்கறாரு.

— மிளகாய்ன்னு சொல்லிடறேன்.

— எத்தனை தடவைடி மிளகாய் மேல பழியைப் போடுவ?

— தங்கச்சி, இது ஊறுகாய் பற்றிய பேச்சு அல்ல.

— ஏ கடைக்குட்டி. இப்ப யாரு பேசினது?

— அப்பா?

— நான்தான் பேசினேன். வணக்கம். என் பெயர் வெண்டெல். நான் ஒரு விவசாயி.

— அப்பா! நீங்க... இது சீனம்! அப்பா, நீங்க சீனம் பேசறீங்க!

— சிறிது பேசுகிறேன். மெதுவாகப் பேசுகிறேன். நான் இங்கு வந்தது முதல் பேச முயன்றேன். ஒவ்வொரு முறையும் நான் வாயைத் திறந்தேன். ஒவ்வொரு முறையும் நீ மொழிபெயர்த்துவிட்டாய்.

— என்னடி இது! மனுஷன் ஃபூஜியன் மீன்காரன் மாதிரியே இழுக்கறாரு! கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டா எறா கூடையைத் தலையில வச்சிருக்கற மாதிரி இருக்கு!

— எங்கள் ஊரில் பெட்ரோல் பங்க் அருகே ஓர் உணவு விடுதி உள்ளது. லின் அம்மாள் நடத்துகிறார். அவர் ஃபூஜியன் மாகாணத்தவர். அவர் கற்பித்தார். நான் பீன்ஸ் நறுக்கினேன், அவர் சொற்கள் கொடுத்தார்.

— லின் அம்மாவா? நாம ஞாயித்துக்கிழமை ஃப்ரைடு ரைஸ் வாங்குவோமே, அவங்களா? அவங்க உங்களோட பேசவே மாட்டாங்களே அப்பா!

— இப்போது நிறையப் பேசுகிறார். கணவரைப் பற்றி நிறையக் குறை சொல்கிறார். தங்கச்சி, முதலில் ஒரு விஷயம். என் கால் படகு போல உள்ளது. அது உண்மை. எனக்கு வருத்தம் இல்லை.

— ஐயையோ! நான் எங்க போய் முகத்தை வச்சுக்கறது! அண்ணே, அது... நல்ல படகு அண்ணே, பயணிகள் படகு!

— அப்போ காலையில ஓடறது, மாஜோங், கீரைக்காரி...

— எல்லாம் கேட்டேன். கணக்கு என்று நீ சொன்னாய். மாஜோங்கும் கணக்குதான். பொய் பாதிதான்.

— அம்மாவைப் பத்தி சொன்னதும்?

— அதுவும் கேட்டேன்.

— அப்பா, நான் அதை அப்படிச் சொல்லணும்னு...

— உன் அம்மா கதவைச் சாத்திவிட்டுச் சென்றாள். நீ ஒவ்வொரு ஞாயிறும் தொலைபேசியில் வந்து, என்ன சமைத்தீர்கள் என்று கேட்டுத் திட்டுகிறாய். அது வேறு, இது வேறு. இதை ஆங்கிலத்தில் என்னால் சொல்ல முடிந்திருக்காது. இந்த மொழியில் எனக்குச் சொற்கள் குறைவு. அதனால் எளிது.

— அண்ணே, நீங்க கொஞ்சம் நிறுத்துங்க, நான் அழுதுட்டு வந்துடறேன்.

— அழ வேண்டாம். தங்கச்சி, நான் உங்களை முத்தமிட வேண்டும்.

— என்னது!

— கேட்கணும்! அப்பா, அது 'கேட்கணும்'! ஒரே சொல்லுதான், ராகத்தை மாத்திட்டீங்க! குரல் கீழ இறங்கணும்!

— மன்னிக்கவும். கேட்க. உங்களைக் கேட்க வேண்டும். லின் அம்மாளிடமும் இதே தவறு செய்தேன். அவர் கணவர் கரண்டியுடன் வெளியே வந்தார்.

— யம்மா, வயிறு வலிக்குது! கேளுங்க அண்ணே, கேளுங்க. என் வீட்டுக்காரரு ஊஹான்ல இருக்காரு, கரண்டிக்குப் பயமில்ல.

— இவள் அடுத்த ஆண்டும் இங்கு இருந்தால், உங்களுக்குத் தொல்லை இல்லையா?

— தொல்லையா! இவ இல்லைன்னாதான் படிக்கட்டு சுத்தமா இருந்து எனக்குத் தூக்கம் வராது!

— அப்பா... அப்படின்னா இருக்கலாமா? நிஜமாவா? நீங்க 'ம், சரி'ன்னு சொல்லக் கூடாது. வேற ஏதாவது சொல்லுங்க.

— இரு. படி. ஆற்றைப் படித்துவிட்டு வந்து, நம் ஊர் ஆறு ஏன் வற்றுகிறது என்று எனக்குச் சொல்.

— அப்பா! அப்பா, அப்பா, அப்பா!

— ஏய், சட்டி! சட்டியைத் தட்டிவிட்டுராதடி, கட்டிப்பிடிக்கறதுன்னா சுத்தி வந்து கட்டிப்பிடி!

— ஒண்ணு மட்டும் புரியல. எப்பலருந்து படிக்கறீங்க? ஏன் என்கிட்ட சொல்லல?

— ஜனவரி மாதம் முதல். ஒரு நாள் உன்னிடமிருந்து அழைப்பு வந்தது. நீ ஆங்கிலத்தில் பேசவில்லை.

— ஜனவரியா? உங்ககிட்ட சீனத்துல பேசின ஞாபகமே இல்லையே.

— எப்படி இருக்கும்? ஜுரத்துல கண்ணே திறக்கல நீ. அண்ணே, உங்ககிட்ட இவ சொல்லியிருக்க மாட்டா. நுரையீரல்ல சளி கட்டி, தீயா கொதிச்சுது உடம்பு. நான்தான் முதுகுல சுமந்து படிக்கட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். ட்ரிப்ஸ் ஏறிக்கிட்டு இருந்தப்ப போனைக் கையில வச்சு ஏதோ அழுத்திக்கிட்டே இருந்தா. உங்களுக்கா போச்சு அது?

— அத்தை! அதை அப்பாகிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணீங்களே!

— எனக்குத் தெரியும். மூச்சின் சத்தத்தில் தெரிந்தது. நான் 'டெஸ், டெஸ்' என்று அழைத்தேன். உனக்குக் கேட்கவில்லை. நீ ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னாய். எனக்குப் புரியவில்லை. என் மகள் பேசுகிறாள், எனக்குப் புரியவில்லை. நான் அந்தச் சத்தத்தை வாயிலேயே வைத்துக்கொண்டு, மறந்துவிடாமல் முணுமுணுத்துக்கொண்டே, பனியில் லின் அம்மாளின் விடுதிக்கு வண்டி ஓட்டினேன். அவரிடம் பாடிக் காட்டினேன்.

— என்ன சொன்னாங்க?

— அவர் கத்தியைக் கீழே வைத்தார். 'வீட்டுக்குப் போகலாம்' என்று உங்கள் மகள் கெஞ்சுகிறாள், என்றார்.

— ஓ... அதனாலதான் என்னைக் கூட்டிட்டுப் போக டிக்கெட் போட்டீங்களா?

— டிக்கெட் ஒன்றுதான் டெஸ். எனக்கு. நீ கேட்கவே இல்லை.

— ஒண்ணா?

— அண்ணே, ஒண்ணு சொல்லணும். சொல்லாம மறைக்கலாம்னுதான் பாத்தேன், ஆனா இன்னைக்கு இந்த வீட்டுல பொய் போதும். அன்னைக்கு இவ என் சட்டையைப் பிடிச்சுக்கிட்டுதான் அதைக் கேட்டா. ட்ரிப்ஸைப் பிடுங்கிட்டுக் கேட்டா. அவ கேட்டது உங்க ஊரு வீட்டை இல்ல அண்ணே, இந்த... தப்பா எடுத்துக்காதீங்க, அது ஜுர வேகத்துல...

— தெரியும் தங்கச்சி. அந்த வாக்கியத்தின் முதல் சொல் 'அத்தை'. அந்த அத்தைக்கு அவர் மொழியிலேயே நன்றி சொல்வதற்காகத்தான் நான் படித்தேன்.